ஜப்பானியர் வீட்டு வாசலில்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1545ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கியிருந்தார். புனித தோமையாரின் கல்லறையண்டை செபத்தில் ஆழ்ந்து, கிழக்குத் தீவுகளுக்குப் புறப்படுவதென அவர் முடிவு செய்தது சாந்தோமில்தான் என்பது நம் வாசகர் பலரும் அறிந்த வரலாறு. அப்பயணத்தின் தொடர்ச்சியாக 1547இல் மலாக்காவில் அஞ்ஜிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். உம் நாட்டார் நம் போதனைக்குச் செவிசாய்ப்பார்களா என்று சவேரியார் வினவ, முதலில் கேள்விகள் பல கேட்பார்கள், பின்னர் சொல்லுக்கும் நடத்தைக்கும் பொருத்தம் உண்டா என்று கூர்ந்து பார்ப்பார்கள் என்ற கருத்தில் அஞ்ஜிரோ விடையளித்ததாக அவர் கடிதத்தால் அறிகிறோம்.

அஞ்ஜிரோ சொன்னது முற்றிலும் மெய்யாயிற்று. 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கிய சவேரியார், 1551இன் தொடக்கத்தில் கடுங்குளிரில் தலைநகராகிய மியாக்கோவுக்கு, அதாவது இன்றைய கியோத்தோவுக்கு, ஏழைத் துறவியின் உடையிலேயே சென்றார். பேரரசரின் அரண்மனை அவருக்குத் திறக்கவில்லை. முத்துக்குளித்துறை மக்களிடையே அவருக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்த அதே எளிய அங்கி, இங்கே தெருச்சிறுவரின் ஏளனத்துக்கு இலக்காயிற்று. சில மாதங்களுக்குள் யமகுச்சி நகரின் ஆட்சியாளரான ஓவுச்சி யோஷிதாக்காவை அவர் மீண்டும் கண்டபோது நல்லுடை உடுத்திச் சென்றார். கோவாவிலிருந்து ஆளுநரும் மேற்றிராணியாரும் தந்திருந்த கடிதங்களை முறைப்படி அளித்தார். கடிகாரமும் இசைக்கருவியும் பிறவுமாகப் பரிசுகளை முன்வைத்தார். போதிக்க அனுமதியும், தங்குவதற்கு ஆளற்ற மடம் ஒன்றும் உடனே கிடைத்தன. ஒரே மனிதர், ஒரே போதனை. வாசலில் நுழைந்த முறை மட்டுமே வேறு.

இப்பழைய நிகழ்ச்சியை இப்போது நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. சவேரியார் சென்ற அந்நாட்டிற்கு இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் புறப்படுகின்றனர். திறன்பெற்ற தொழிலாளரை ஏற்பது குறித்து இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் உடன்பாடு செய்துகொண்டன. 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி ஐந்து ஆண்டுகளில் இருநாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் சென்று வருவர். அவர்களுள் ஜப்பான் செல்லும் திறன்மிக்க இந்தியர் 50,000 பேர். முதியோரைப் பேணும் இல்லங்களுக்குச் செவிலியப் பயிற்சி பெற்ற பெண்களும், தொழிற்கூடங்களுக்கு இளைஞர்களும் போகிறார்கள். மறுபுறம், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்த தொழிற்சாலைகளின் பொருட்டு ஜப்பானியக் குடும்பங்கள் நம் நகரில் வந்து தங்குகின்றன. மகனையோ மகளையோ அங்கு அனுப்பும் பெற்றோரையும், அடுத்த வீட்டில் ஜப்பானியர் குடியேறக் கண்டோரையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். சென்னையில் மொழி வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்னும் சங்கம் நெடுங்காலமாக அப்பணியைச் செய்துவருகிறது. ஆயினும் மொழி தெரிந்தபின்னும் தெரியாமல் நிற்கும் செய்திகள் பல.

அவற்றுள் நமக்கு மிகுந்த இடர் தருபவை எவை என்று கேட்டால், நம் வழக்கத்துக்கு முற்றிலும் மாறானவை அல்ல என்போம். மாறானது என்று தெரிந்தால் எவரும் எச்சரிக்கையாகவே இருப்பர். நம்முடையதைப் போலவே தோன்றி, உள்ளே சற்றே திரும்பியிருக்கும் வழக்கங்களில்தான் தமிழர் இடறி விழுகின்றனர்.

செருப்பும் நிலைப்படியும்

வீட்டினுள் செருப்பணிந்து நுழையலாகாது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மேலைநாட்டார் ஜப்பான் சென்றால் முதலில் திகைப்பது இதற்கே. நாம் திகைப்பதில்லை, அதனாலேயே கவனிப்பதும் இல்லை. திருமண வீட்டு வாசலில் நாம் செருப்பைக் கழற்றிவிடும் அழகை வாசகர் அறிவர். ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே. திரும்பி வருகையில் இணை தேடுவது தனி வேலை. ஜப்பானிய வீட்டில் கதவைத் திறந்தவுடன் தாழ்ந்த தளம் ஒன்று இருக்கும். அதற்குக் கெங்கான் என்று பெயர். அங்கே காலணியைக் கழற்றி உயர்ந்த தளத்தில் ஏறிய பின், அதன் நுனி வாசலை நோக்கியிருக்குமாறு திருப்பி, இணைசேர்த்து வைக்க வேண்டும். அவ்வாறு திருப்பும்போதும் வீட்டாருக்கு முதுகு காட்டாமல், ஒருக்களித்து முழங்காலிட்டுச் செய்வதே நல்ல முறை. உள்ளே நடக்க வீட்டார் மெல்லிய செருப்புத் தருவர். கோரைப்பாய் போன்ற தத்தமி விரித்த அறைக்குள் அதுவும் ஆகாது. கழிப்பறைக்கு வேறொரு செருப்பு. அதனை அணிந்தவாறே கூடத்துக்குத் திரும்பி வந்து நாணிநின்ற அயல்நாட்டார் எண்ணிறந்தோர்.

நிலைப்படியை மிதிக்காதே என்று நம் பாட்டிமார் சொல்வது போலவே அங்கும் சொல்வார்கள். தத்தமிப் பாயின் ஓரத்துணியையும் மிதிப்பதில்லை. இன்னும் ஓர் ஒற்றுமை நம் நெஞ்சைத் தொடுவது. வீட்டை விட்டுப் புறப்படும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம். ஜப்பானியர் சொல்லும் 'இத்தேகிமாசு' என்னும் சொல்லின் பொருளும் சொல்லுக்குச் சொல் அதுவே. உள்ளிருப்பவர் 'போய் வாருங்கள்' என்ற பொருளில் விடைதருவர். திரும்பி வந்தவர் 'ததைமா' என்று குரல் கொடுக்க, 'ஒகயெரி' என வரவேற்பர். விடுதியில் தங்கும் நம் பிள்ளைகள் ஓசையின்றி உள்ளே நுழைந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டால், அடக்கமான பிள்ளை என்று அங்கே எவரும் பாராட்டமாட்டார்கள்.

பெயரும் மரியாதையும்

அங்கே ஒருவரைக் குடும்பப் பெயரால் அழைத்து, அதனோடு 'சான்' சேர்ப்பது பொதுமுறை. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கிறது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் ஏறிவிடுகிறது. ஆகவே அருளப்பனின் மகன் ஜான் அலுவலகத்தில் 'அருளப்பன் சான்' ஆகிவிடுகிறான். தந்தையின் பெயரைச் சொல்லவே தயங்கும் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, நாள்தோறும் பலமுறை அப்பெயரால் தானே அழைக்கப்படுவது முதலில் சங்கடமாகவே இருக்கும். முதல் நாளே பணிவாக விளக்கி, எந்தப் பெயரால் அழைக்கலாம் என்று சொல்லிவிடுவது நலம். ஆனால் தன் பெயரோடு தானே 'சான்' சேர்த்துச் சொல்லக்கூடாது. நம்மில் எவரும் தம்மைத் தாமே 'அவர்கள்' என்று சொல்லிக்கொள்ளாதது போல.

மரியாதைச் சொற்களைப் பொறுத்தவரை தமிழும் ஜப்பானியமும் மிகவும் நெருங்கி நிற்கின்றன. நீ, நீங்கள், தாங்கள் என்று படிப்படியாக உயர்த்தும் நாம், அவர்களுடைய மொழியில் எதிரிலிருப்பவரை உயர்த்தவும் தம்மைத் தாழ்த்தவும் தனித்தனி வினைச்சொற்கள் இருப்பதை எளிதில் விளங்கிக்கொள்வோம். ஆனால் இங்கேயும் ஒரு திருப்பம் உண்டு. நாம் பிறரிடம் பேசும்போது, 'அப்பா சொன்னார்கள்', 'எங்கள் மேலாளர் வந்திருக்கிறார்கள்' என்று நம்மவரை உயர்த்தியே பேசுகிறோம். அவ்வாறு பேசாதவனை வளர்ப்புச் சரியில்லை என்கிறோம். ஜப்பானியர் வெளியாரிடம் பேசுகையில் தம்மவரையும் தம்மோடு சேர்த்துத் தாழ்த்திப் பேசுவர். வீட்டில் தாயை 'ஒகாசான்' என்று மரியாதையாக அழைக்கும் மகன், வெளியாரிடம் 'ஹஹா' என்ற எளிய சொல்லால் மட்டுமே குறிப்பிடுவான். வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும் ஊழியர் தம் மேலதிகாரியின் பெயரோடு 'சான்' சேர்ப்பதில்லை. நம் இளைஞர் நல்லெண்ணத்தோடு தம் மேலாளரை வானளாவ உயர்த்திப் பேசுவது, எதிரிலிருக்கும் விருந்தினரைத் தாழ்த்தியதாக முடியும்.

முதியோர் இல்லங்களுக்குச் செல்லும் நம் பெண்களுக்கு இதனினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவரைக் கண்டால் தாத்தா என்றும் பாட்டி என்றும் அழைப்பது நம் இரத்தத்தில் ஊறியது. அதில் அன்பும் உண்டு, மரியாதையும் உண்டு. ஜப்பானிய மொழியிலும் அதற்கான சொற்கள் உள்ளன. ஆனால் அங்குள்ள பராமரிப்பு இல்லங்களில் முதியவரை அவ்வாறு அழைப்பதை நல்ல முறையாகக் கொள்வதில்லை. வாழ்நாள் முழுவதும் ஆசிரியராகவோ கடைக்காரராகவோ தம் பெயரோடு வாழ்ந்த ஒருவரை, முதுமை வந்தவுடன் பெயரற்ற பாட்டியாக்கிவிடலாகாது என்பது அவர்கள் எண்ணம். குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்தே அழைக்க வேண்டும். கதவைத் தட்டி, குறுக்கிடுவதற்கு மன்னிப்புக் கேட்கும் சொல்லைச் சொல்லி உள்ளே நுழைய வேண்டும். கையைப் பற்றித் தூக்குமுன், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டே தொட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட இம்மூன்றாவது வழக்கம் வேண்டியதே என்று நமக்குத் தோன்றுகிறது. படுக்கையிலிருக்கும் பாட்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் புரட்டிப்போடும் அன்பு நம்மிடம் நிறையவே உண்டு.

பேச்சில் இன்னும் இரண்டு. அவர்கள் 'ஹை' என்று அடிக்கடி சொல்வது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கே, ஒப்புக்கொண்டேன் என்பதாகாது. வெளிப்படையாக 'இல்லை' என்று மறுப்பதையும் அவர்கள் தவிர்ப்பர். 'அது சற்று...' என்று இழுத்து நிறுத்திவிட்டால் மறுத்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். தி. நகர் கடைத்தெருவில் விலை கேட்டுவிட்டு, 'பார்க்கலாம்' என்று சொல்லி நகரும் நமக்கு இது புரியாததன்று. ஆனால் நாம் தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துச் சம்மதம் தெரிவிக்கும் முறை அவர்களுக்கு விளங்காது. வாயால் சொல்லிவிடுவதே நலம்.

வாலிஞ்ஞானோ எழுதிய நூல்

அயல்நாட்டாருக்கு ஜப்பானிய மரியாதை முறைகளை விளக்கும் நூல்கள் இன்று கணக்கின்றி வெளிவருகின்றன. இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று இயேசு சபைக் குரு அலெசாந்திரோ வாலிஞ்ஞானோ 1581இல் எழுதியது. இத்தாலியில் பிறந்து, 1574இல் கோவா வந்து, கிழக்கு நாடுகளின் மறைத்தளங்கள் அனைத்தையும் மேற்பார்வையிட்டவர் அவர். 1579இல் ஜப்பான் சென்றபோது, அங்கே தலைவராயிருந்த பிரான்சிஸ்கோ கப்ரால் அடிகளார் அந்நாட்டு வழக்கங்களை மதியாது, ஐரோப்பிய முறையையே நடத்திவந்ததைக் கண்டார். இதனால் ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் மனம் புண்பட்டிருந்தது. வாலிஞ்ஞானோ அந்நிலையை மாற்றினார். யாருக்கு எவ்வளவு குனிந்து வணங்குவது, விருந்தினரை எதுவரை சென்று வழியனுப்புவது, உணவறையை எவ்வாறு தூய்மையாக வைப்பது என்றெல்லாம் நுணுக்கமாக எழுதினார். வருவோர்க்கு முறைப்படி தேநீர் அளிக்க ஒவ்வொரு மடத்திலும் இடம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார். பெரும் புலமையும் அனுபவமும் பெற்றவர்கூட ஜப்பானில் உண்ணவும் உட்காரவும் பேசவும் குழந்தையைப் போலப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்பது அவர் துய்த்துணர்ந்து எழுதிய செய்தி.

இக்கொள்கை தமிழ்நாட்டையும் தொட்டது. வாலிஞ்ஞானோவின் வழிகாட்டலில் சீனா சென்ற மத்தேயு ரிச்சியின் முறையை முன்மாதிரியாகக் கொண்டவரே, 1606இல் மதுரை வந்து, தமிழ் கற்று, நம் துறவியர்போல் உடையும் உணவும் மேற்கொண்ட தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி. அவர் தம் இறுதி நாள்களைக் கழித்து 1656இல் மறைந்ததும் மயிலாப்பூரிலேயே.

நம் நாட்டவர் ஒருவரையும் இங்கே குறிப்பிடாதிருக்கலாகாது. பம்பாய்க்கு வடக்கேயுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா வணிகராக ஜப்பானில் வாழ்ந்து அம்மொழியில் தேர்ந்தவர். பின்னர் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து, ஆட்சியாளர் ஹிதேயோஷியின் முன் தம் சபையாருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றார். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாக்கியில் சிலுவையில் உயிர்நீத்த 26 மறைசாட்சிகளுள் அவரும் ஒருவர்.

உண்கலமும் நீராடலும்

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். உண்ணுமுன் கைகூப்பி 'இததகிமாசு' என்பர். தாழ்மையுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது பொருள். சோற்றுக் கிண்ணத்தைக் கையிலெடுத்து உண்பதே முறை. மேசைமீது வைத்துவிட்டுக் குனிந்து உண்பது அழகன்று. இடக்கை ஆகாது என்னும் வழக்கம் அங்கில்லை. கிண்ணத்தை ஏந்துவது இடக்கையே. நூல்போன்ற மாவுணவை ஓசையெழ உறிஞ்சலாம். ஆனால் உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தலாகாது. இறந்தவர்முன் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நிறுத்துவர். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஆகாது. எரியூட்டியபின் எலும்புகளை எடுக்கும் சடங்கில் உறவினர் செய்வது அது. வாழையிலையை நம் பக்கமாக மடிப்பதா எதிர்ப்பக்கமாக மடிப்பதா என்பதில் மங்கலமும் துக்கமும் அடங்கியிருப்பதை அறிந்த நமக்கு, இதன் கனத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

குளிக்கும் முறையும் அறியத்தக்கது. வெந்நீர்த் தொட்டி அழுக்குப் போக்குவதற்கன்று. வெளியே அமர்ந்து நன்கு தேய்த்துக் குளித்துத் தூய்மையான பின்னரே அதில் இறங்கி அமர வேண்டும். குடும்பத்தார் அனைவரும் அதே நீரில் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். ஆகவே நாம் எழுந்தவுடன் அடைப்பைத் திறந்து நீரை வெளியேற்றிவிட்டால், பின்னால் வருவோர் பட்டினி கிடந்தாற்போலத்தான்.

கொலுவும் குடிலும்

நவராத்திரி நெருங்கினால் மயிலை வடக்கு மாடவீதியில் பொம்மைக் கடைகள் நிறைவதைப் பார்த்திருக்கிறோம். மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படைப் படிகளில் நம் அண்டை வீட்டார் கொலு வைப்பர். ஜப்பானில் மார்ச் 3ஆம் நாள் பெண்குழந்தைகள் உள்ள வீடுகளில் ஏறத்தாழ இதே காட்சியைக் காணலாம். செந்துணி விரித்த ஏழு படிகள். உச்சியில் அரசரும் அரசியும், அடுத்து அரண்மனைப் பெண்டிர் மூவர், இசைவாணர் ஐவர், அமைச்சர் இருவர், பணியாளர் மூவர் எனப் பதினைந்து பொம்மைகள். இதற்கு ஹினாமத்சுரி என்று பெயர். நாள் கடந்தவுடன் பொம்மைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், தாமதித்தால் அவ்வீட்டுப் பெண்ணின் திருமணமும் தாமதிக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் குடிலைத் தவக்காலம்வரை கலைக்காத வீடுகளுக்கு இப்படியொரு அச்சுறுத்தல் இருந்தால் நன்றாயிருக்கும்.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு வியந்தோருள் சுசுமு ஓனோ குறிப்பிடத்தக்கவர். 1919இல் பிறந்து 2008இல் மறைந்த இம்மொழிப் பேராசிரியர், தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்றும், நம் பொங்கலுக்கும் ஜனவரி நடுவில் ஜப்பானியச் சிற்றூர்களில் கொண்டாடப்படும் சிறுபுத்தாண்டுக்கும் தொடர்புண்டு என்றும் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நாமும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உறவு என்று எண்ணிவிட்டால் உரிமை எடுத்துக்கொள்வது நம் இயல்பு. அங்கே விருந்தினராக இருப்பதே பாதுகாப்பு.

தொழிற்கூடத்தில் ஒரு சொல்

பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது முதல், 'ஐந்து எஸ்' என்னும் முறை நம் தொழிலாளருக்கு நன்கு பழகிப்போயிற்று. வேண்டாததை அகற்றல், உரிய இடத்தில் வைத்தல், பெருக்கித் துடைத்தல், அந்நிலையைக் காத்தல் என்னும் நான்கையும் சுவரில் எழுதிவைத்திருப்பார்கள். ஐந்தாவது ஷிட்சுகே, நம்மவர் இதனை 'ஒழுங்குக் கட்டுப்பாடு' என்று மொழிபெயர்க்கின்றனர். ஆனால் ஜப்பானிய வீடுகளில் குழந்தைக்கு நன்னடத்தை பழக்குவதைக் குறிக்கும் சொல் அது. 'உடல்', 'அழகு' என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அதனை எழுதுவர். தையலில் இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: துணி விலகாதிருக்க, முழுத்தையல் போடுமுன் இழையோட்டும் தற்காலிகத் தையல். முழுத்தையல் முடிந்தபின் அந்நூலை உருவிவிடுவார்கள்.

பரிசுப் பொருள்

இறுதியாக, ஊரிலிருந்து புறப்படும் பிள்ளையின் பெட்டியில் என்ன வைத்தனுப்புவது என்று தாய்மார் கேட்பது இயல்பு. பயணம் சென்று வருவோர் உடனிருப்போர்க்குச் சிறுபொருள் கொணர்வது அங்கே ஏறக்குறையக் கடமை. மாம்பழமும் இறைச்சிப் பண்டமும் வேண்டா. அந்நாட்டு வானூர்தி நிலையத்தில் தடுத்துவிடுவர். தனித்தனியே தாளிற் சுற்றிய இனிப்பு, சிறு கைவினைப் பொருள் போன்றவை போதும். எண்ணிக்கையில் நான்கும் ஒன்பதும் வேண்டா. நான்கின் ஒலி சாவையும், ஒன்பதின் ஒலி துன்பத்தையும் நினைவூட்டும். உறையோடு, இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்காவிட்டால் வருந்த வேண்டா. பிரிக்காமல் வைப்பதே அவர்களுடைய பழைய மரியாதை.

திருமணத்துக்கு அழைப்பு வந்தால் மொய் உண்டு. 101, 501 என்று ஒரு ரூபாய் சேர்க்கும் நமக்கு, இரண்டாகப் பிரியாத ஒற்றைப்படைத் தொகையாக 30,000 யென் வைக்கும் அவர்கள் எண்ணம் புரியும். தாள்கள் புத்தம்புதியவையாக இருக்க வேண்டும். துக்க வீட்டுக்குப் புதிய தாள் ஆகாது, அந்நாளுக்கென ஆயத்தமாகக் காத்திருந்ததுபோல் தோன்றுமாம். உறையின்மேல் கட்டும் இழையிலும் வேறுபாடு உண்டு. குழந்தை பிறந்த வீட்டுக்கு, இழுத்தால் அவிழும் முடிச்சு. மகிழ்ச்சி மீண்டும் மீண்டும் வரலாம். திருமணத்துக்கோ அவிழ்க்கமுடியாத முடிச்சு, ஒருமுறைக்குமேல் நிகழலாகாது. கடையில் உறை வாங்கும்போது இதனைக் கேட்டு வாங்க வேண்டும்.

நாம் கொடுத்த பரிசுக்குச் சில நாள்களில் ஏறத்தாழப் பாதி மதிப்புள்ள பொருள் ஒன்று திரும்பி வரும். அதற்கு மறுபடியும் நாம் ஒன்று அனுப்பிவிடக் கூடாது. அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள். பிறகு அதற்கு முடிவே இராது.